முள் துடித்தது

முள் மறுபடியும் துடித்தது. கிட்டுச்சாமி மூச்சை நிறுத்திக்கொண்டு ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார். ஒன்றுமில்லை. இலையிலிருந்து சொட்டும் பனித்தண்ணீர், கீழே டீத் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடையின் சளசளப்பு, தன் கழுத்து நரம்பு அடித்துக்கொள்கிற சத்தம், அவ்வளவுதான். ஆனால் மடியிலிருந்த ரெக்கார்டரின் கண்ணாடிக்குள் அந்தச் சின்னக் கறுப்பு முள் எழுந்தது, விழுந்தது, எழுந்தது, விழுந்தது, கொஞ்சம் ஓய்ந்தது, திரும்பவும் எழுந்தது. சத்தம் வந்தால்தான் முள் எழும். சத்தம் வந்தால் முதலில் அது காதுக்கு வரும். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றால் அது முள்ளாகத்தான் இருக்க வேண்டும், இந்தக் காது இன்றைக்கு வரைக்கும் பொய் சொன்னதில்லை. வயராக இருக்கும். வயரின் கழுத்தில் ஈரம் இறங்கியிருக்கும், வால்பாறைக்கு மேலே இந்த மூடுபனியில் எதில்தான் ஈரம் இறங்காது, சட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது, காலில் அட்டை ஏறாமலிருக்கத் தடவிய உப்பும் புகையிலையும்கூடக் கரைந்து செருப்பில் வழிகிறது. விரலால் வயரின் கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருகினார். ஹெட்போனில் கரகரவென்று கேட்டது. அதாவது ஹெட்போன் வேலை செய்கிறது. காதும் வேலை செய்கிறது. சரி, பிறகு என்ன? பின்னால் ஒரு கல்லின்மேல் வசந்தாமணி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்க நினைத்தவர் பார்க்கவில்லை. டேப் ஓடும்போது திரும்பக் கூடாது, சட்டைத்துணி உரசும், பேசக் கூடாது, இருமக் கூடாது, வயிறு கடமுட என்றால்கூடக் கையால் அமுக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் அவரே போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் டாப்ஸ்லிப் பக்கம் ஒரு நாள் காட்டுக்கோழி வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வசந்தாமணி தும்மினாள். அன்றைக்கு முழுக்க அவளோடு அவர் பேசவில்லை. உலகத்தில் பெண்டாட்டி தும்மியதற்குக் கோபித்துக்கொண்ட ஒரே ஆம்பளை நீங்கதானுங்க என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள் என்ன, சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

வயர்தான். வேறென்ன. ஊருக்குப் போனதும் மாற்றிவிடலாம். மகள் கோகிலாவிடம் சொன்னால் போதும், அப்பா அந்தப் பழைய மெஷினைத் தூக்கிக் கடாசுங்க, இப்ப வர்றதுல சத்தத்தை அப்படியே படமாப் போட்டுக் காட்டுது, எந்தப் பறவை எந்த உயரத்துல கத்துதுன்னு கோடு கோடாத் தெரியும் என்று ஆரம்பித்துவிடுவாள். அவளுக்குப் பெயர் வைத்ததே குயிலை நினைத்துத்தான், அவள் என்னடாவென்றால் சத்தத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறாள். படம் பார்க்கவா காட்டுக்கு வந்தேன்? போனிலும் இப்போதெல்லாம் அவள் வாயை மென்றுகொண்டே பேசுகிறாள், பாதி எழுத்தைக் காணோம், சாப்பிட்டாச்சா என்கிறாளா ஆப்பிட்டாச்சா என்கிறாளா தெரிவதில்லை, பெங்களூர் போனவர்கள் எல்லோருக்கும் நாக்கு இப்படித்தான் தடித்துப்போகிறது போலிருக்கிறது. டிவிக்காரனும் அப்படித்தான் பேசுகிறான். பஸ் நடத்துநரும் அப்படித்தான். ஊரே வாயை மென்றுகொண்டு திரிகிறது. கிட்டுச்சாமிக்கு இந்தக் காது ஒன்றுதான் சொத்து. உடுமலைப்பேட்டை ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவனுக்கு இப்படி ஒரு காதா என்று வந்தவன் போனவனெல்லாம் ஆச்சரியப்பட்டான். உள்ளே நுழைந்தால் நூல் சுற்றுகிற கதிர் ஆயிரம் சேர்ந்து அலறும், பக்கத்தில் நிற்பவன் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும், அந்த அலறலிலிருந்து தப்பித்து ஓடத்தான் லீவு கிடைத்தபோதெல்லாம் காட்டுக்கு வந்தார். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செவிடானார்கள். அவர் ஆகவில்லை. ஏனென்றால் அவர் பஞ்சு வைத்துக்கொண்டார். மில்லில் பஞ்சுக்கா பஞ்சம், மெழுகில் தோய்த்து உருட்டி இரண்டு காதிலும் திணித்துக்கொள்வார், வெளியே வந்ததும் எடுத்துவிடுவார். எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும். கடைசியில் யாருடைய காது பிழைத்தது? பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதியபோது காட்டின் காது என்று தலைப்புப் போட்டார்கள். வசந்தாமணி அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினாள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் காதுக்காரரத்தான் நான் கட்டியிருக்கேனுங்க என்று சொல்லிக் காட்டுவாள்.

முள் எழுந்தது. மூன்று துடிப்பு, ஒரு ஓய்வு. மூன்று துடிப்பு, ஒரு ஓய்வு. ஈரம் இறங்கிய வயர் இப்படிக் கணக்காகத் துடிக்குமா? துடிக்கலாம். தண்ணீர் சொட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. இலை நுனியில் சேர்ந்து, கனத்து, விழுந்து. ஆனால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்த கணக்கு. எங்கோ கேட்ட கணக்கு. ஊசிக்குருவி இப்படித்தான் கத்தும். கடுகு மாதிரி ஒரு குருவி, சாம்பல் முதுகு, வெளுத்த வயிறு, கண்ணுக்கு அகப்படவே அகப்படாது, ஆனால் கத்தினால் காதுக்குள் ஊசி கோத்த மாதிரி இருக்கும், அதனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். இதே சோலையில், அநேகமாக இதே மரத்தடியில், இளவயதில் அதைப் பதிவு செய்தவர் அவர். ஸ், ஸ், ஸ் என்று மூன்று. பிறகு ஓய்வு. ஆனால் அது இப்போது இல்லை. போய்விட்டது. அவர்தான் அதை ஊருக்குச் சொன்னார். நாலைந்து வருஷமாக வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு குரல்கூட இல்லாமல் திரும்பி, கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் மேடையேறிக் கண்கலங்கச் சொன்னார், ஊசிக்குருவி இந்தச் சோலையைவிட்டுப் போய்விட்டது, அது மட்டுமில்லை, சில்வண்டு போய்விட்டது, மரப்பூச்சிகள் போய்விட்டன, காடு மேலேயிருந்து கீழாக ஊமையாகிக்கொண்டே வருகிறது என்று. கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்கு அது பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. உண்மையிலேயே பயம். சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போவதை உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஒரு வருஷம் வந்தால் ஒன்று இல்லை, அடுத்த வருஷம் வந்தால் இன்னொன்று இல்லை. பிணம் கிடையாது, இறகு கிடையாது, காரணம் கிடையாது. சாவு வீட்டில்கூட அழுகைச் சத்தம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அப்போதெல்லாம் வசந்தாமணிதான் அவருக்கு இரண்டாவது காது. பேசக் கூடாது என்பதால் விரல். ஏதாவது புதிதாகக் கேட்டால் ஒரு விரலைத் தூக்குவாள், எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்த்துக் காட்டுவாள், இரண்டு கேட்டால் இரண்டு விரல். சத்தத்தைக் குவிக்கிற கிண்ணத்தில் மைக் வைத்திருப்பார், அதை அந்தப் பக்கம் திருப்புவார், வசமாக மாட்டிக்கொள்ளும். படித்தவளில்லை, பறவையின் பெயர் பாதி தெரியாது, விசிலடிக்கறது, கதவு கிறீச்சிடறது, கெழவி இருமறது என்று அவளே பெயர் வைத்துக்கொள்வாள், ஆனால் விரல் தப்பாது. பிறகு அந்த விரல் தப்ப ஆரம்பித்தது. கேட்காததையெல்லாம் காட்ட ஆரம்பித்தது. அவர் கிண்ணத்தைத் திருப்புவார், அங்கே ஒன்றும் இருக்காது, அவள் இன்னும் அங்கேயே விரலைச் சாய்த்துக்கொண்டிருப்பாள், சத்தியமாக் கத்துச்சுங்க என்பாள் ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம். காட்டில்தான் இப்படி என்றால் வீட்டிலும் வந்தது. சாமி அறைச் சுவருக்குள் பூச்சி கத்துகிறது என்றாள். பீரோவை நகர்த்தினார், படங்களை இறக்கினார், சுவரில் காதை வைத்துக் கேட்டார், அவருடைய காதை, காட்டின் காதை. ஒண்ணுமில்லை அம்மணி என்றார். இப்பவும் கத்துதுங்களே என்றாள். அப்புறம் அடுப்படியில் மூஞ்சூறு கீச்சிடுகிறது என்றாள், மூஞ்சூறையும் காணோம், கீச்சையும் காணோம். அப்புறம் படுத்தால் எங்கோ தூரத்தில் யாரோ மெலிசாக விசிலடித்துக் கூப்பிடுகிறார்கள் என்றாள். அத்தோடு அவர் கோகிலாவுக்குப் போன் செய்தார். கோகிலா வந்து தங்கியிருந்த இரண்டு நாளும் பேரப்பிள்ளைகள் போட்ட கூச்சலில் எந்தப் பூச்சியும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள். முதலில் அவள் காதைச் சோதித்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கம்மா என்று. இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததில்லை என்று சோதித்த பெண் சொன்னாள். அப்படியென்றால் காதில் கோளாறில்லை. அப்படியென்றால் மனசில். மனநல டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அந்தச் சத்தமெல்லாம் உங்களுக்குக் கேட்டதா? இல்லை என்றார் கிட்டுச்சாமி. டாக்டருக்கு அவரைத் தெரிந்திருந்தது, பேப்பரில் படித்திருந்தார். உங்க காதுக்கே கேக்கலைன்னா அது அங்கே இல்லைன்னுதான் சார் அர்த்தம் என்று சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார்.

முள். மூன்று துடிப்பு, ஒரு ஓய்வு. கிட்டுச்சாமி கிண்ணத்தை மெல்ல இடதுபக்கம் திருப்பினார். முள் படுத்துக்கொண்டது. வலதுபக்கம் திருப்பினார். படுத்தே இருந்தது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தார், பனிக்குள் மங்கலாக ஒரு மரம் நின்ற திசைக்கு. எழுந்தது. வயர் கெட்டிருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் துடிக்க வேண்டும். கையை மைக்கின்மேல் பொத்தினார், விழுந்தது, எடுத்தார், எழுந்தது. ஆக, அங்கே ஒன்று இருக்கிறது. பனிக்குப் பின்னால், அந்த மரத்தில், இருபது முப்பதடியில் ஒன்று இருந்துகொண்டு இந்தப் பக்கம் பார்த்து விடாமல் எதையோ சொல்கிறது, முள்ளுக்குச் சொல்கிறது, தனக்குச் சொல்ல மாட்டேனென்கிறது. சின்ன வயதில் முனியைப் பற்றிச் சொல்வார்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே என்று. கூப்பிடுவதே கேட்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மெஷினுக்கும் வந்துவிட்டதா? வசந்தாமணிக்கு வந்தது இதற்கும் தொற்றிக்கொண்டதா, இல்லாத சத்தத்துக்குத் துள்ளுகிற வியாதி, இதற்கும் காலையில் ஒன்று இரவில் அரை மாத்திரை கொடுக்கவேண்டுமா? சிரிப்பு வந்தது. உடனே நின்றது. இல்லாத சத்தத்துக்கு மெஷின் துள்ளாது. மெஷினுக்கு மனசில்லை. மனசில்லாதது எப்படிப் பைத்தியமாகும்? இந்த யோசனை இத்தோடு நிற்க வேண்டும், இதற்கு மேல் ஒரு எட்டு வைத்தால் பள்ளம் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே மறுபடியும் வயரைத் திருகினார், பேட்டரி மூடியை அழுத்தினார். வயர்தான். வயராகத்தான் இருக்க வேண்டும். மில்லில் ஆறுச்சாமி என்று ஒருத்தன் இருந்தான், ரிட்டயர் ஆகித் திண்டாடிக்கொண்டிருந்தவன், டீக்கடையில் பார்த்தால் சொல்வான், இப்பெல்லாம் கொசுவே பாடறதில்லீங்க கிட்டண்ணா, கமுக்கமா வந்து கடிச்சுப் போட்டுப் போயிருது, ஏதோ புதுசாதிக் கொசுவாட்ட இருக்குது. கடையே விழுந்து விழுந்து சிரித்தது. கிட்டுச்சாமியும் சிரித்தார். கொசு பாடிக்கொண்டுதானடா இருக்கிறது, உன் காதுதான் போச்சு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பாவம், தெரிந்தா பேசினான், அவனுக்கு மில்லுக்காரன் காது. முதலில் மெலிசான சத்தம்தான் போகும், மேலே, உச்சக் குரலில் இருக்கிறதுதான் முதலில் போகும், மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேலேயிருந்து கீழாக. மேலேயிருந்து கீழாக என்று மேடையில் யார் சொன்னது? ஆனால் பஞ்சு. தினம் தவறாமல் பஞ்சு வைத்தேனே. மெழுகில் தோய்த்து.

காற்று ஒரு புரட்டுப் புரண்டது. பனி விலகி மரம் முழுசாகத் தெரிந்தது, பாசி படர்ந்த கொம்பு ஒன்று நீண்டு இந்தப் பக்கம் வந்திருந்தது, அதன் நுனியில் கடுகு மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. சாம்பல் முதுகு. வெளுத்த வயிறு. கிட்டுச்சாமி கண்ணைக் கொட்டவில்லை. அது தலையை உயர்த்தி அலகைத் திறந்தது. தொண்டை புடைத்து அதிர்ந்தது, வாலின் நுனிவரை உடம்பே குலுங்கியது, அவ்வளவு பலங்கொண்டு கத்தியது அது. மூன்று தடவை. முள் மூன்று தடவை எழுந்தது. அவர் காதில் இலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. அது மறுபடியும் அலகைத் திறந்தது. இப்படி ஒரு காட்சியைக் கனவில் பார்த்திருந்தால் அலறி எழுந்திருப்பார். கண்ணெதிரே ஒரு உயிர் வாய் கிழியக் கத்துகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறவனைப் போல, செத்தவர்கள் கனவில் வந்து வாயசைப்பதைப் போல, சத்தம் மட்டும் வரவில்லை. யார் செத்தது, அதுவா, நானா? மேடையில் நின்று அது போய்விட்டது என்று இவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதும் அது இந்தக் கொம்பில் உட்கார்ந்து இப்படித்தான் கத்திக்கொண்டிருந்திருக்கும். நாலைந்து வருஷமும். சில்வண்டும் கத்திக்கொண்டிருந்திருக்கும். சாமி அறைச் சுவரில். ஐயோ. சாமி அறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டேனே. அடுப்படியில். ஐயோ வசந்தாமணி.

சட்டத்தை மீறித் திரும்பினார். துணி உரசிக் கரகரத்தது. அவள் கல்லின்மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள், கண் அந்தக் கொம்பில் இல்லை, தரையில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளையைப் போல வேண்டுமென்றே தரையில் இருந்தது. இரண்டு கையும் சால்வைக்குள். காலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர்தான் பக்குவமாகச் சொல்லியிருந்தார், விரல் கிரல் தூக்காதே அம்மணி, சும்மா உட்கார்ந்து காற்று வாங்கு, நாம் அதற்கு இடம் கொடுத்தால் அது வளரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா. சரீங்க என்றாள். குருவி அலகைத் திறந்தது. சால்வைக்குள் ஏதோ அசைந்தது. விரலொன்று எழப் பார்ப்பதும், அதை மற்றக் கை பிடித்து அமுக்குவதும் துணிக்கு மேலேயே தெரிந்தது. மூன்று தடவை. பிறகு ஓய்வு. கிட்டுச்சாமி முள்ளைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன, ஒரே நேரத்தில் அடங்கின.

"அம்மணி" என்றார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கை தானாக உதட்டுக்குப் போயிற்று. "டேப் ஓடீட்டிருக்குதுங்க" என்றாள், காற்றை மட்டும் வைத்து. அதைக்கூட அவர் அவள் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார், மில்லுக்குள் புரிந்துகொள்வதைப் போல.

"ஓடட்டும். உனக்கு இப்ப ஏதாச்சும் கேக்குதா?"

அவள் முகம் மாறியது. கேள்வியில் ஏதோ சூது இருக்கிறது, தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்கிற முகம். அந்த முகத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். பிறகு அவள் பளிச்சென்று சிரித்தாள்.

"இல்லீங்க. ஒண்ணுமே கேக்கலீங்க. அந்தப் புது மாத்திரைக்குப் பொறவு சுத்தமா நின்னுபோச்சு. கோகிலாகிட்டயும் சொல்லீட்டேன். பயப்படாதீங்க நீங்க."

சொல்லி முடித்து வாயை மூடினாள். சிரிப்பு இன்னும் இருந்தது. குருவி அலகைத் திறந்தது, முள் எழுந்தது, சிரித்த முகத்தில் இமை மட்டும் மூன்று முறை நடுங்கியது.

அப்போதுகூடச் சும்மா இருந்திருக்கலாம். அந்த நினைப்பு அவருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, நன்றாகவே வந்தது. இவளுக்குக் குணமாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், இவளே இருக்கிறாள். டேப்பை வீட்டில் போய் அழித்துவிட்டால் முடிந்தது. குருவி இல்லை என்று சொன்னது சொன்னதாக இருக்கும், கண்ணாடி போட்ட பேப்பர் சுவரில் இருக்கும், காட்டின் காது காட்டின் காதாகவே செத்துப்போகும். இவள் மட்டும் ஆயுசுக்கும் சால்வைக்குள் விரலை அமுக்கிக்கொண்டு, மாத்திரையில் வீங்கிய முகத்தோடு, சுவரில் கத்துகிற பூச்சியைக் கேட்டுக் கேட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டு இருப்பாள். அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது.

"கேக்காதது எனக்குத்தான்" என்றார். "அந்தக் கொம்புல பாரு. கத்துது. எனக்கு வாய் அசையறதுதான் தெரியுது. உனக்குக் கேக்குது. சொவத்துல கத்துன பூச்சியும் நெசம் அம்மணி. மூஞ்சூறும் நெசம். எல்லாமே நெசம். எங்காதுதான் போயிருச்சு. எப்பப் போச்சுன்னே தெரியல."

அவளுக்கு உடனே புரியவில்லை. கொம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மடியிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தாள். மனிதர்கள் இவ்வளவு பேசினால் எந்தக் குருவி உட்கார்ந்திருக்கும், அது விருட்டென்று எழும்பிப் பனிக்குள் போய்விட்டது. முள் விழுந்து படுத்துக்கொண்டது.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"பைத்தியமில்லீங்களா?"

"இல்ல அம்மணி."

அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. சால்வையை உதறிக் கழற்றி மடியில் போட்டாள். "தலவாணிய எடுத்துக் காது மேல அமுக்கீட்டுப் படுத்திருப்பேன்" என்றாள், அவரைப் பார்க்காமல். "செத்துப்போன எங்கம்மாதான் விசிலடிச்சுக் கூப்பிடறா, எனக்கு நாள் குறிச்சாச்சுன்னு நெனச்சேன். பேரனத் தூக்கறதுக்கே பயந்தேன், பைத்தியக்காரி எங்கியாச்சும் போட்டுருவேன்னு. நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. ஒரு நாளாச்சும், ஒரு வேள உங்க காதுதான் சரியில்லையோன்னு உங்களுக்குத் தோணலியாங்க?"

தோன்றவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினார்.

"டாக்டர்கிட்ட நீங்களே வந்து சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன். கோகிலாகிட்டயும்."

"சொல்றேன்."

"அந்தக் குருவி போயிருச்சுன்னு கூட்டம் போட்டு அழுதீங்களே, அவுங்ககிட்டயும்."

"சொல்றேன்."

டேப் ஓடிக்கொண்டேயிருந்தது. பனி மறுபடியும் மரத்தை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைச் சாய்த்து, பழக்கதோஷத்தில் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்:

"இப்பக் கத்துதுங்களா?"

இத்தனைக்குப் பிறகும் தன்னிடம்தான் கேட்கிறாள். அவள் காதை அவளே பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

"எனக்குத் தெரியாது" என்றார். "நீதான் சொல்லோணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முள் அசையவில்லை, கிண்ணம் அவர் காலடியில் புல்லின்மேல் கவிழ்ந்து கிடந்தது. பிறகு அவள் மடியிலிருந்து ஒரு விரல், நம்பாமல், பாதி எழுந்தது. நின்றது. முழுசாக எழுந்து மேல்பக்கம் சாய்ந்தது. அப்புறம் இன்னொரு விரல், ஓடைப் பக்கமாக. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், வெறும் பனி. மூன்றாவது விரல் அவருக்குப் பின்னால், அவர் தோளுக்கு வெகு அருகில் எதையோ காட்டியது, அவருக்குச் சிலிர்த்தது, திரும்பினால் ஈர இலையைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த கையையும் தூக்கினாள். அந்தக் கையின் விரல்களும் ஒவ்வொன்றாக எழுந்தன, இந்தக் கொம்பை, அந்தப் புதரை, காலடிப் புல்லை என்று, காட்டக் காட்ட அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையுமாக ஏதோ பொங்கியது, பத்து விரலும் தீர்ந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடியே வைத்துக்கொண்டிருந்தாள்.

கிட்டுச்சாமி ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். ஓடைச் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.